பொய்யிரையின் மெய்வண்ணம்

மீன் பார்ப்பதற்கென்றே ஓவியம் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்போரிடையே இது ஒரு தனிக்கலையாகவே வளர்ந்திருக்கிறது. விரல் நீளமுள்ள மென்பிளாஸ்டிக் மீன்குஞ்சு ஒன்றை வார்த்தெடுத்து, முதுகில் பசும்பழுப்பையும் விலாவில் வெள்ளியையும் வயிற்றில் முத்துவெண்மையையும் ஏர்பிரஷ் என்னும் காற்றுத்தூரிகையால் தூவி, செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி வைத்து, உலரவிட்டு, தூண்டில் முள்ளில் கோத்து நீருக்குள் எறிகிறார்கள். அவ்வளவு பாடுபட்டுத் தீட்டிய ஓவியம் ஒரே கடியில் கிழிந்துபோகலாம். கிழியவேண்டும் என்பதே தீட்டியவரின் விருப்பமும்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். 'இயற்கையை உள்ளபடி காட்டுதல்' என்ற கோட்பாட்டை நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திவருகிறோம். தண்டியலங்காரம் பொருளணிகளின் வரிசையில் தன்மையணியைத்தான் முதலில் வைக்கிறது. உவமையும் உருவகமும் அதற்குப் பின்னரே வருகின்றன. மாணவர்களுக்கு அது எளிய அணி, இரண்டு மதிப்பெண் வினா. 'உள்ளதை உள்ளவாறு உரைப்பது' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். உள்ளதை உள்ளவாறு உரைத்தல் எத்தனை சிக்கலான காரியம் என்பதை, அணியிலக்கண உரைகளைவிடவும் இந்தப் போலி இரைத் தொழில் நமக்குத் தெளிவாகக் காட்டியது. ஏனெனில் இவர்களுடைய வாசகனுக்கு முகதாட்சண்யம் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் பேசாமல் நீந்திப் போய்விடும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். நம் மொழியில் தூண்டில் என்பது தூண்டுவது. முள், கயிறு, கழி ஆகிய பருப்பொருள்களின் பெயரால் அல்லாமல், மீனின் மனத்தில் நிகழும் செயலால் அக்கருவிக்குப் பெயர் வந்திருக்கிறது. ஆங்கிலேயர் போலி இரையை 'லூர்' என்கிறார்கள். அச்சொல் வல்லூறு பழக்குவோரிடமிருந்து வந்தது. பறந்துபோன வல்லூற்றைக் கைக்குத் திரும்ப அழைக்க அவர்கள் சுழற்றிய இறகுக் கற்றைக்கு அந்தப் பெயர். அந்த இறகுக் கற்றை எந்தப் பறவையின் அச்சான வடிவமும் அன்று என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் பயன்படும்.

மென்பிளாஸ்டிக் இரையின் கதை 1949இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தொடங்குகிறது. அது ரப்பர் ஆலைகளின் நகரம். நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் தம் வீட்டுச் சமையலறை அடுப்பில் வினைல் குழம்பைக் காய்ச்சி, உண்மையான மண்புழுவை வைத்தெடுத்த அச்சில் ஊற்றிப் பிளாஸ்டிக் புழு செய்தார்கள். அதற்கு முன்னரும் ரப்பர்ப் புழுக்கள் இருந்தன. ஆனால் அவை விறைத்த புழுக்கள். கிரீமின் புழு நீரில் நெளிந்தது. பின்னர் அந்நிறுவனம் டெக்சஸ் மாநிலத்து டைலர் நகருக்குப் பெயர்ந்தது; தென்மாநிலங்களின் புதிய அணைக்கட்டு ஏரிகளில் அந்தப் புழு பெரும்புகழ் பெற்றது.

நம்மைக் கவர்ந்தது இதுதான். வடிவத்தை உயிருள்ள புழுவிலிருந்தே அச்செடுத்தார்கள். ஆயினும் அத்தென்னக ஏரிகளில் கதையாகிப்போன புழுவின் நிறம் ஊதா. திராட்சைப்பழ ஊதா! எந்த மண்ணிலும் அப்படியொரு புழு நெளிந்ததில்லை. மீனோ விழுங்கியது. வடிவில் தன்மையணி, நிறத்தில் உயர்வு நவிற்சி என்று ஓர் இலக்கண ஆசிரியர் குறிப்பெழுதிவிட்டு நகரலாம். ஆனால் மீனின் கண்ணுக்கு அந்த ஊதா உண்மையிலேயே உயர்வு நவிற்சிதானா? அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் வேலையைப் பற்றி. பிளாஸ்டிசால் என்பது பி.வி.சி. நுண்துகள்கள் ஓர் எண்ணெய் போன்ற இளக்கியில் மிதக்கும் பால்நிறக் குழம்பு. ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அது கூழாகிப் பின் தெளிந்து பாகாகிறது. அச்சில் ஊற்றி ஆறவைத்தால், கசக்கினாலும் பழைய வடிவுக்கு மீளும் மென்மையான பொருள் கிடைக்கிறது. சூடு மிகுந்தால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு கலந்த நச்சுப்புகை எழும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் கொதிபாகு தெறிக்கும். சமையலறையில் தொடங்கிய தொழில் என்றாலும் சமையலறையில் செய்யத்தக்க தொழில் அன்று.

இப்படிப் பிறந்த மென்மையே வண்ணத்துக்குப் பகை. மேற்பரப்பில் இளக்கி எப்போதும் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். சாதாரண அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினால் அது உலர்ந்து ஓடாகிறது. வால் ஒருமுறை வளைந்தால் ஓடு விரிசல் விட்டு, இரண்டாம் முறை உரிந்துவிடுகிறது. ஆகவே வினைலோடு வினைலாகக் கடித்துப் பிடிக்கும் மைகளை வீரியமான கரைப்பான்களில் நீர்க்கச் செய்து தூவுகிறார்கள். முகமூடியும் காற்றோட்டமும் இல்லாமல் இவ்வேலையில் இறங்குபவன் தன் நுரையீரலையே முள்ளில் கோக்கிறான். வேறு சிலர் நுண்பொடி நிறமிகளைத் தடவி, அதன்மேல் தெளிந்த பிளாஸ்டிசாலில் ஒரு முறை தோய்த்து எடுத்து மூடிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தூவுவதே இல்லை. அச்சில் ஊற்றும்போதே முதுகுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு ஒரு நிறம் என்று இரண்டு பாகுகளை ஒருங்கே செலுத்துகிறார்கள். நம் பார்வையில் இந்தக் கடைசி வழி நேர்மையானது. வண்ணம் உடலிலேயே இருப்பதால் எந்நாளும் உரியாது. ஆனால் தூவலில் மட்டுமே கிடைக்கும் ஒன்று அதில் இல்லை.

அது விளிம்பின்மை. தூரிகைக் கோட்டுக்கு எல்லை உண்டு. மீனுக்கு எல்லைக்கோடு கிடையாது. முதுகின் பசுமை எங்கே முடிந்து விலாவின் வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று எந்த மீனிலும் விரல் வைத்துக் காட்டமுடியாது. ஏர்பிரஷ் வண்ணத்தைக் காற்றோடு கலந்து புகையாக்கி இறக்குவதால், ஒரு நிறம் மற்றொன்றில் கரைந்து மறைகிறது. கருவிக்குள்ளேயே காற்றும் வண்ணமும் கலக்கும் வகையைச் சார்லஸ் பர்டிக் உருவாக்கினார்; அது 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. அக்காலத்தில் இக்கருவியின் பெரும்பணி புகைப்படங்களைத் திருத்துவது. ஸ்டாலின் ஆட்சியில் வேண்டாதவர்கள் படங்களிலிருந்து மறைந்ததிலும் இதற்குப் பங்குண்டு. மறைப்பதற்குப் பேர்போன கருவி மீன்குஞ்சைத் தோற்றுவிக்கவும் உதவுகிறது.

செதிலுக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. சிறுகண் வலைத்துணியை இரையின்மேல் இறுக்கிப் போர்த்தி அதன்மீது தூவினால், கண்களின் வழியே இறங்கும் வண்ணம் செதில்களாகப் பதிகிறது. மரத்தில் இரை செய்தவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே கையாண்ட முறை இது. வலையாலேயே மீனுக்குச் செதில் வரைவது என்பதில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. அதை முதலில் செய்தவருக்கு அது தோன்றியிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற இயற்பியல் மாணவர் ஒருவர் இப்போது டெக்சஸில் பணிபுரிகிறார். வார இறுதிகளில் இதுவே அவர் வேலை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தகரப் பெட்டியொன்றில் தம் இரைகளைக் கொண்டுவந்து காட்டினார். (பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால், இரையின் இளக்கி பெட்டியையே கரைக்கத் தொடங்கிவிடுமாம். அதற்கென்று தனிவகைப் பெட்டிகள் விற்கிறார்கள் என்றாலும் தகரம் மலிவு.) ஒன்றில் செதில் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாக இருந்தது, துடுப்பின் கதிர்கள்கூடத் தனித்தனியே தெரிந்தன. மற்றொன்றில் மூன்றே நிறங்கள், ஒரு கரும்புள்ளி, செவுளோரத்தில் ஒரு செந்தீற்று. முதலாவதை நாம் கையில் எடுத்து வியந்துகொண்டிருக்கையில் அவர் சொன்னார்: "செதிலெல்லாம் அப்புறம் பாருங்க ஐயா. முதல்ல தொட்டியில விட்டுப் பாருங்க."

கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டியில் இரண்டையும் நூலில் கட்டி இழுத்துப் பார்த்தோம். ஒரு முழ ஆழத்துக்குக் கீழே முதலாவதன் நுணுக்கங்கள் அனைத்தும் கலந்து ஒரு சாம்பல் துண்டாயிற்று. இரண்டாவது புரளும்போதெல்லாம் வயிற்றின் வெண்மை மின்னி மறைந்தது. அந்தத் தொட்டியில் உயிருள்ளது எது என்று கேட்டால் குழந்தையும் இரண்டாவதையே காட்டியிருக்கும்.

இந்த இடத்தில் நாம் அபட் தேயர் என்னும் ஓவியரை அழைக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்க ஓவியரான அவர், விலங்குகளின் உடலில் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதற்குக் காரணத்தை 1896இல் பறவையியல் இதழொன்றில் எழுதினார். ஒளி மேலிருந்து விழுகிறது; ஆகவே எந்த உருண்டைப் பொருளும் மேலே வெளுத்தும் கீழே நிழலடித்தும் தோன்றும்; அந்த நிழல்தான் அது திரண்ட பொருள் என்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது. இயற்கை விலங்கின்மேல் இதற்கு நேரெதிராகத் தீட்டுகிறது. ஒளி விழும் இடத்தில் கருமை, நிழல் விழும் இடத்தில் வெண்மை. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, திரட்சி மறைந்து உடல் தட்டையாகிப் பின்னணியில் கரைகிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைக் கம்பிகளில் நிறுத்தி வண்ணம் பூசி, சில அடி தொலைவிலேயே அவை கண்ணுக்குத் தப்புவதை அவர் அறிஞர்களுக்குச் செய்து காட்டினார். ஓவியர்கள் தட்டையான திரையில் நிழல் சேர்த்துத் திரட்சியை வரவழைக்கிறார்கள். இயற்கை திரண்ட உடலில் நிழலைக் கழித்துத் தட்டையாக்குகிறது. இதை ஓர் ஓவியரே கண்டறிந்ததில் வியப்பில்லை. (தேயர் பின்னர் எல்லா விலங்கு நிறங்களும் மறைவுக்கே என்று பிடிவாதம் பிடித்து, பூநாரையின் செந்நிறம் அந்திவானில் கரைவதற்காக என்றெல்லாம் எழுதி, முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் அச்சில் வாங்கிக்கட்டிக்கொண்டார். ஒரு நல்ல கோட்பாடு கிடைத்துவிட்டால் அதற்குள் உலகம் முழுவதையும் அடைக்கப் பார்க்கும் நோய் திறனாய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று.)

இப்போது போலி இரை தீட்டுபவரின் இக்கட்டைப் பாருங்கள். ஷாட் என்னும் சிறுமீனின் முதுகுக் கருமையும் வயிற்று வெண்மையும் எதற்காக? பாஸ் மீனின் கண்ணுக்குத் தப்புவதற்காக. அந்த நிறங்களை ஓவியர் முழு உண்மையோடு, ஒரு பிசகும் இல்லாமல் தம் இரையில் ஏற்றினால் என்ன கிடைக்கும்? பாஸ் மீனின் கண்ணுக்குத் தப்பும் இரை கிடைக்கும்! இயற்கையை முற்றும் உள்ளபடி படியெடுப்பதில் அவர் எவ்வளவு வெற்றி பெறுகிறாரோ அவ்வளவுக்கு அவருடைய நோக்கம் தோற்கிறது. 'இயற்கை போன்ற வண்ணம்' என்ற சொற்றொடரைக் கூசாமல் பயன்படுத்துகிறவர்கள் இந்த முரணை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது நம் குறை.

தப்பிக்கும் வழியை ஒரு ஃபின்லாந்து மீனவர் எப்போதோ கண்டுவிட்டார். லவுரி ரபாலா ஏரியில் படகைத் துடுப்பிட்டபடி, வேட்டைமீன் ஒன்று சிறுமீன் கூட்டத்துக்குள் பாய்வதைக் கவனித்துக்கொண்டிருப்பவர். கூட்டத்தில் நூறு மீன்கள் ஒரேபோல் நீந்த, சற்றே கோணலாக, தள்ளாடி நீந்தும் ஒன்றையே அது தேர்ந்து பிடிக்கிறது என்று கண்டார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சிட்டு, தள்ளாடி நீந்தும் இரை ஒன்றைச் செய்தார். ரபாலா அந்தக் காயத்தைச் செய்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. மீனைச் செய்தவர்கள் அவருக்கு முன்னும் பலர் இருந்தார்கள்.

நல்ல ஏர்பிரஷ் ஓவியர்கள் வண்ணத்தில் செய்வதும் இதையேதான். மூன்று பங்கு உண்மை. அதன்மேல் தெரிந்தே செய்த ஒரு பிழை. செவுளோரத்துச் செந்தீற்று நலமான மீனில் அத்தனை துலக்கமாகத் தெரிவதில்லை; அது மூச்சுத் திணறும் மீனின், குருதி கசியும் மீனின் அடையாளம். வயிற்று வெண்மையை விலாவில் இயல்புக்கு மேல் ஏற்றித் தூவுகிறார்கள். அது நிலைகுலைந்து ஒருக்களிக்கும் மீனின் தோற்றம். கண்ணை ஒரு சுற்றுப் பெரிதாக வைக்கிறார்கள். இவை ஒன்றும் அலங்காரம் அல்ல. கூட்டத்தில் ஒருவனாக இருந்தும் கூட்டத்திலிருந்து பிரிந்து தெரிகிறவனின் இலக்கணம் இது. சிறுகதை எழுதுகிறவர்கள் தம் பாத்திரங்களுக்கு இதைத்தான் செய்கிறார்கள் என்று நாம் சொன்னால் மிகையாகக் கொள்ளவேண்டாம்.

உயிரியலார் இதற்கு ஆதாரம் வைத்திருக்கிறார்கள். நிக்கோ டின்பர்கன் ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறுமீனை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. 1973இல் கான்ராட் லாரன்ஸோடும் கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஸ்டிக்கிள்பேக்கின் வயிறு சிவக்கும். தன் எல்லைக்குள் வரும் மற்றொரு சிவந்த வயிற்றை அது தாக்கும். டின்பர்கன் அச்சுப் பிசகாத மீன்பொம்மை ஒன்றைச் சிவப்பில்லாமல் செய்தார். மீனென்றே சொல்லமுடியாத மொக்கை வடிவங்கள் சிலவற்றின் அடிப்புறத்தில் சிவப்பைத் தீட்டினார். ஆண்மீன்கள் அச்சுப் பிசகாத பொம்மையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. மொக்கைகளையே மிகுதியும் தாக்கின. மீனுக்கு மீன் என்பது செதில்களின் கூட்டுத்தொகை அன்று. ஒரு சில குறிகள். இறகுக் கற்றையை நோக்கிப் பறந்து வந்த வல்லூற்றுக்கும் அப்படித்தான்.

ஊதாப் புழுவுக்கு வருவோம். லார்ஜ்மவுத் பாஸ் மீனின் விழித்திரையைப் பற்றி இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் நிறமறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. நமக்கு மூன்று. சிவப்பையும் பச்சையையும் அம்மீன்கள் நன்றாகவே பிரித்தறிந்தன. கண்ணைப் பறிக்கும் மஞ்சட்பச்சையை வெள்ளையிலிருந்து பிரிக்கத் தடுமாறின. நீலத்தைக் கறுப்பிலிருந்து பிரிக்கவும் தடுமாறின. கலங்கல் நீருக்கென்று அமெரிக்கக் கடைகளில் காலங்காலமாக விற்கும் கருநீலக் கலவை இரைகளை இதை வைத்து எண்ணிப் பாருங்கள். கறுப்புடலில் நீல மினுக்கு! மனிதக் கண்ணுக்கு எத்தனை எழில். அந்த நீலத்தைத் தீட்டியதும் மனிதனுக்காக, வாங்கியதும் மனிதன்; மீனுக்கு அது பெரும்பாலும் கருமையான ஓர் உருவம், அவ்வளவே. ஊதாப் புழுவும் மீனுக்குப் பெரும்பாலும் இருண்ட ஒரு புழுவாகவே தெரிந்திருக்கும் என்பது நம் ஊகம். நாம் உயர்வு நவிற்சி என்று கொண்டாடியதை அது தன்மையணியாகப் படித்திருக்கிறது.

நீரும் சும்மா இருப்பதில்லை. தெளிந்த நீரில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் தொலைகிறது. செவுளின் செந்தீற்று சில மீட்டர்களுக்குக் கீழே கரிய கீற்றாகிவிடும். பாசி படர்ந்த, இலைச்சாறு ஊறிய நீரில் நீலம் முதலில் தொலைகிறது. எனவே ஒரு மீனுக்கு 'உள்ளபடியான நிறம்' என்று ஒன்று உண்டா என்பதே ஐயத்துக்குரியது. இந்த ஏரி, இந்த ஆழம், இந்த வேளை, இந்தக் கண் ஆகிய நான்கையும் சொன்ன பிறகே நிறத்தைப் பற்றிப் பேசமுடியும். முதற்பொருளைச் சொல்லாமல் உரிப்பொருளைப் பேசாதே என்று நம் திணை மரபு பழக்கிய காதுகளுக்கு இது புதிய செய்தியாக இராது.

ஆகவேதான், உண்மை மீனின் புகைப்படத்தையே இரையின்மேல் அப்படியே அச்சிட்டு 'நூறு விழுக்காடு இயற்கை' என்று விற்கும் சரக்கில் நமக்கு மதிப்பில்லை. அவற்றில் மீன் சிக்காது என்று நாம் சொல்லவரவில்லை. பசித்த மீன் எதையும் கடிக்கும். ஆனால் அந்தப் புகைப்படம் எந்த ஒளியில் எடுத்தது? கரையில், காற்றில், செத்த மீனைக் கிடத்தி மனிதக் கண்ணுக்காக எடுத்தது. நீர் அதில் இல்லை. மீனின் கண் அதில் இல்லை. தேர்வு என்பதே அதில் இல்லை. நூலகத்தில் சில நாவல்களைப் புரட்டும்போது இதே உணர்வு வருவதுண்டு. தெருவின் கடைப்பலகைகளைக்கூட விடாமல் எழுதியிருப்பார்கள், தெருவைத்தான் காணோம். போலி இரைகள் முதலில் பிடிப்பது மீனவனைத்தான் என்று அந்த நாட்டில் பரவலாகச் சொல்வார்கள். கேலியாகச் சொல்வது என்றாலும், ஓவியருக்கு இரண்டு வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதும், காசு கொடுப்பவன் ஒருவன், கடிப்பது வேறொன்று என்பதும் விளையாட்டான செய்தி அல்ல. கையில் எடுத்துப் பார்ப்பவனை மறந்து நீருக்குள் இருப்பதற்காகத் தீட்டத் துணிகிறவர்களின் பக்கம்தான் நாம்.

அறம் பேசுவோர் இங்கே குறுக்கிடுவார்கள். எத்தனை நுட்பமாக இருந்தாலும் இது ஏமாற்று அல்லவா? ஆம். வள்ளுவர் சூதின் வெற்றிக்கு உவமை தேடியபோது, மீன் விழுங்கிய தூண்டில் இரும்பைத்தான் எடுத்துக்கொண்டார். அங்குள்ள பொன் என்னும் சொல்லுக்கு இரும்பு என்று பொருள் கொண்ட பரிமேலழகர், இரையால் மறைந்த இரும்பு என்று விரிக்கிறார். இரை வேறு, இரும்பு வேறு. ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. உண்மையான புழுவைக் கோத்தாலும் ஏமாற்றுதான், தீட்டிய பிளாஸ்டிக்கைக் கோத்தாலும் ஏமாற்றுதான். மீன் உண்போர் இந்த ஏமாற்றைக் குறைகூற இடமில்லை. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டுவிடும் வழக்கமுள்ள பாஸ் மீன்பிடிப்பாளர்களை நோக்கி, உண்ணவும் இல்லையென்றால் எதற்காக இந்த வதை என்று கேட்பது வேறு வழக்கு. அதற்கு அவர்கள் சொல்லும் விடைகள் நமக்கு நிறைவளிக்கவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறோம்.

நம்மை உண்மையில் உறுத்துவது கடிக்குப் பிறகு நடப்பது. மென்பிளாஸ்டிக் கிழியும். வால் பிய்ந்துபோகும், சில வேளை முள்ளிலிருந்து முழு இரையும் கழன்று ஏரியின் அடியில் போய்க் கிடக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துச் சார்ல்ஸ்டன் ஏரியை மையமாக வைத்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், இவ்வகை இரைகளை இரண்டாண்டுகள் நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். அவை மக்கவில்லை. பல இரைகள் ஊதிப் பெருத்தன. வளர்ப்பு டிரவுட் மீன்களின் முன் இவற்றைப் போட்டபோது அவை தாமாகவே விழுங்கின என்றும், விழுங்கியவை எடை குன்றின என்றும் 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது. முள் இல்லாமலே மீனைப் பிடிக்கும் தூண்டில்! மீனின் கண்ணுக்கு உண்மையென்று தோன்றுமாறு எத்தனை திறமையாகத் தீட்டினோமோ, கைவிட்ட பிறகும் அத்தனை திறமையோடு அது தூண்டிக்கொண்டே கிடக்கிறது. எழுதியவன் எழுந்துபோன பிறகும் பொய் வேலை செய்கிறது.

2013இல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் ரப்பர் இரைகளைத் தடைசெய்யும் முன்வரைவு ஒன்று வந்தது. மீன்பிடிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள், தடை சட்டமாகவில்லை, ஆய்வு செய்வோம் என்று முடிந்தது. தடையை நாமும் விரும்பவில்லை. ஆனால் எதிர்த்தவர்களில் எத்தனை பேர் பிய்ந்த வாலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்புகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இருபது இரைகள் கொண்ட பையை வாங்கி எறிந்து தொலைப்பவனுக்கு இருபத்தொன்றாவது ஒரு பொருட்டில்லை. ஒன்றைத் தீட்ட ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டவன் அதைத் தேடி இடுப்பளவு நீரில் இறங்குவான். கையால் தீட்டும் இந்தச் சிறு கூட்டத்தை நாம் ஆதரிப்பதற்குக் கலை ஒரு காரணம் என்றால், இது மற்றொன்று.

பிளாஸ்டிசாலுக்கு ஒரு நற்குணம் உண்டு. மீண்டும் உருக்கி வார்க்கலாம். நம் மாணவர் கிழிந்த இரைகளை ஒரு புட்டியில் சேர்த்துவருகிறார். எல்லா வண்ணங்களும் ஒன்றாய் உருகினால் சேற்றுநிறமான ஒரு பழுப்பு வருகிறதாம். அதை வார்த்து, மேலே எதுவும் தீட்டாமல், வசந்தகாலக் கலங்கல் நீரில் நன்னீர்க் கல்லிறாலுக்குப் போலியாக எறிகிறார். அதற்குத்தான் கடி அதிகம் என்று சொல்லிச் சிரித்தார்.